கடல்நீர் மீன்தொட்டி: தமிழகத்தில் அதன் வரலாறு

கடல்நீர் மீன்தொட்டி என்பது கடல்வாழ் மீன்களையும் இறால், நத்தை, கடற்சாமந்தி, பவள உயிரி போன்றவற்றையும் உப்புநீரில் வைத்து வளர்க்கும் கண்ணாடித் தொட்டியாகும். பவளத்திட்டின் சூழலைச் சிறிய அளவில் ஒத்திருக்குமாறு அமைக்கப்படும் தொட்டி பவளத்திட்டுத் தொட்டி எனப்படுகிறது. நன்னீர் மீன்தொட்டியைவிட இதற்குச் செலவும் கவனமும் கூடுதலாகத் தேவைப்படும். தண்ணீரின் வேதியியல், வெப்பநிலை, ஒளி, நீரோட்டம் ஆகிய நான்கையும் ஒரே சீராக வைத்திருக்க வேண்டும் என்பதே காரணம்.

தமிழகத்தில் இதன் வரலாறு 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்திலிருந்து தொடங்குகிறது. இடையில் மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் வெட்டி எடுக்கப்பட்டதும், 2001இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததும், அழகு மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறை கண்டறியப்பட்டதும் இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பங்கள். தொட்டிக்குள் இருக்கும் உயிர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தொடக்கம் முதலே இந்தப் பொழுதுபோக்குடன் சேர்ந்து வந்துள்ளது. கடலிலிருந்து விலகியிருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் ஓடைப்பட்டி போன்ற ஊர்களிலும் இன்று ஒருவர் சிறு கடல்தொட்டி அமைக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் 170 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சோதனைகள் உள்ளன.

ஐரோப்பாவில் தொடக்கம்

கடல் உயிரினங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆராயும் முறையைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ழான் வில்ப்ரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. இத்தாலியின் சிசிலித் தீவில் வாழ்ந்த அவர், 1832இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து ஆர்கனாட் என்னும் கணவாய் வகையை ஆராய்ந்தார். அந்த உயிரி தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறது என்பதை அதன் மூலம் நிறுவினார்.

லண்டனில் ஆனா தின் என்பவர் 1846இல் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பவள உயிரிகளைக் கடற்பாசிகளுடன் வைத்து ஏறத்தாழ 3 ஆண்டுகள் உயிருடன் காப்பாற்றினார். தண்ணீரில் காற்று கலப்பதற்காக அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னல் அருகே நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருந்தார். இன்று மின்னியக்கி செய்யும் வேலையை அன்று மனிதக் கைகள் செய்தன.

வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல், மீன் வெளியிடுவதைத் தாவரம் ஏற்று, தாவரம் வெளியிடும் உயிர்வளியை மீன் பயன்படுத்தும் சமநிலையை விளக்கினார். இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் அந்தச் சமநிலையைக் கடல்நீருக்குக் கொண்டுசென்றார். லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் 1853இல் மீன் இல்லம் திறக்கப்பட்டது. 1854இல் காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டு விலை குறைந்திருந்ததும் இந்த ஆர்வம் வீடுகளுக்குள் பரவ உதவியது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. காஸின் நூல்களைப் படித்தவர்கள் வாளியும் வலையுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தனர். தென்மேற்கு இங்கிலாந்தின் பாறைக் குட்டைகளில் நூற்றாண்டுகளாக வாழ்ந்திருந்த உயிர்கள் சில ஆண்டுகளில் வழித்தெடுக்கப்பட்டன. காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தன் நினைவு நூலில், தந்தையின் நூல்களே அக்கரைகளின் அழிவுக்கு வழிவகுத்ததையும் அது தந்தைக்குத் தந்த வருத்தத்தையும் பதிவு செய்துள்ளார். கடல்தொட்டிப் பொழுதுபோக்கு தன் முதல் தலைமுறையிலேயே சந்தித்த இந்தச் சிக்கல் பின்னர் தமிழகக் கடலிலும் வேறு வடிவில் தோன்றியது.

சென்னை மெரினா மீன்காட்சியகம் (1909–1942)

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றியவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய 7 தொகுதிகளுக்காகவே அவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் அவரது தொடக்ககால ஆர்வம் கடலைச் சார்ந்தது. பாம்பன், ராமேஸ்வரம் பகுதிகளில் தங்கி மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, கடல் உயிரினங்கள் ஆகியவற்றைப் பற்றி அவர் 1890களில் குறிப்புகள் வெளியிட்டார். பவளங்களையும் அருங்காட்சியகத்துக்காகத் திரட்டினார்.

உலர்ந்த பவளமும் சாராயத்தில் இட்ட மீனும் நிறம் இழந்துவிடும். உயிருள்ள நிலையில் அவற்றை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து மீன்காட்சியகத் திட்டம் உருவானது. ஆம்ட்ஹில் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1900–1906) திட்டம் ஏற்கப்பட்டது. மெரினா கடற்கரையில் கட்டப்பட்ட காட்சியகம் 1909 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே தர்ஸ்டன் பணி ஓய்வு பெற்றிருந்தார்.

இக்காட்சியகம் ஆசியாவிலேயே முதலாவது என்று பல இடங்களில் குறிப்பிடப்படுகிறது. ஆனால் ஜப்பானின் கோபே நகரில் 1897இலேயே கடல்நீர்க் காட்சியகம் இயங்கியது. ஆகவே இந்தியாவின் முதல் கடல்நீர் மீன்காட்சியகம் என்று கூறுவதே பொருத்தமானது. தொடக்கத்தில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த இது 1919இல் மீன்வளத்துறைக்கு மாற்றப்பட்டது.

கடலோரத்தில் அமைந்ததால் இக்காட்சியகத்துக்குப் புதிய கடல்நீர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. மீன் இறந்தால் அடுத்த மீனைக் கட்டுமரக்காரர்கள் கொண்டுவர முடியும். தண்ணீர் கெட்டால் மாற்ற முடியும். அக்காலக் கடற்கரைக் காட்சியகங்கள் பலவும் இந்த வசதியை நம்பியே நின்றன. கழிவை நச்சற்றதாக மாற்றும் நைட்ரேட்டாக்கப் பாக்டீரியாக்களை ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே பிரித்தெடுத்திருந்தார். ஆனால் அந்த அறிவு மீன்தொட்டிக்குள் முறையாக வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

இரண்டாம் உலகப் போரில் சென்னைக்கு ஜப்பானியத் தாக்குதல் அச்சம் எழுந்தபோது, 1942இல் காட்சியகம் மூடப்பட்டது. பிறகு அது திறக்கப்படவில்லை. விடுதலைக்குப் பின் இந்தியாவின் புகழ்பெற்ற கடல்நீர்க் காட்சியகமாக மும்பையின் தாராபோர்வாலா மீன்காட்சியகம் 1951இல் உருவானது. சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி நிறுவனத்தின் சுரங்கப்பாதை வகைக் கடல்காட்சியகம் 2019இல்தான் திறக்கப்பட்டது.

மன்னார் வளைகுடா: ஆய்வும் அழிவும்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. இவற்றுள் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவு கடல் உயிரியல் மாணவர்களின் பள்ளிக்கூடமாக விளங்கியது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய தொகுதியை வெளியிட்டது. எஃப். எச். கிரேவ்லி அதில் முக்கியப் பங்காற்றினார்.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கொச்சிக்கு மாறுவதற்கு முன் நீண்டகாலம் மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1969 ஜனவரியில் பவளங்கள், பவளத்திட்டுகள் பற்றிய கருத்தரங்கு மண்டபத்தில் நடைபெற்றது. உலகப் பவளத்திட்டு அறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டு மாநாட்டு வரிசையில் இதுவே முதலாவதாக எண்ணப்படுகிறது.

அறிஞர்கள் கூடிப் பேசிய அதே காலத்தில், அதே கடலில் பவளக்கல் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. கடப்பாரையால் பெயர்க்கப்பட்ட பவளக்கல் படகுகளில் கரைக்கு வந்து, சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. கரையோர மக்களுக்கு அது கூலி கிடைக்கும் வேலை. ஆனால் அலையைத் தாங்கி நின்ற திட்டு போனபின் தீவின் மணலைக் கடல் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் சுருங்கி வந்ததால், அதைக் காக்கப் பின்னாளில் செயற்கைப் பவளத்திட்டுக் கட்டமைப்புகள் கடலடியில் இறக்கப்பட்டன.

1986இல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக்கப்பட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளிறின. பவள உயிரியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசி, வெப்பம் மிகுந்தால் வெளியேறிவிடுகிறது. நிறமும் உணவும் இழந்த பவளம் சில வாரங்களுக்குள் மீளாவிட்டால் இறந்துவிடும்.

உயிர்ப்பாறை முறை

வீட்டுத் தொட்டியில் பவளத்தை வளர்க்கும் வழி ஆசியாவில்தான் முதலில் வெற்றி பெற்றது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை அவற்றில் ஒட்டியிருந்த உயிர்களுடன் தொட்டியில் அடுக்கினார். வடிகட்டி எதுவும் வைக்கவில்லை. மெல்லிய காற்றுக்குமிழ்களும் வெயிலும் போதுமானவையாக இருந்தன. தன் முறையை 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் அவர் விளக்கினார்.

அவர் தொட்டியின் இரகசியம் பாறையின் துளைகளில் இருந்தது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. வேறுவகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பாறையின் உட்புறத்தில், உயிர்வளி குறைந்த இடத்தில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. ஆகவே பாறையே வடிகட்டியாக இயங்கியது.

1970களிலும் 1980களிலும் ஜெர்மனியின் மீன்வளர்ப்பு ஆர்வலர்கள் இதனுடன் இரு கருவிகளைச் சேர்த்தனர். ஒன்று வலிமையான விளக்கு. மற்றொன்று, நுரையை எழுப்பிக் கரிமக் கழிவை அந்த நுரையுடன் வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர். இது பெர்லின் முறை எனப்பட்டது. 1964 முதல் அமெரிக்காவில் 'இன்ஸ்டன்ட் ஓஷன்' என்ற பெயரில் செயற்கைக் கடலுப்பு விற்பனைக்கு வந்திருந்ததால், கடலைப் பார்க்காத ஊர்களிலும் பவளத்தொட்டி அமைக்க முடிந்தது.

ஆனால் உயிர்ப்பாறையும் பவளமும் பெரும்பாலும் இயற்கைத் திட்டுகளிலிருந்தே எடுக்கப்பட்டன. நன்னீர் அழகு மீன்களில் பெரும்பகுதி பண்ணைகளில் வளர்க்கப்படுபவை. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் குவியும் கப்பி, தங்கமீன், மோலி போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. கடல் அழகு மீன்களில் பெரும்பகுதியோ கடலில் பிடிக்கப்படுபவை.

2001 சட்ட மாற்றம்

2001 ஜூலையில் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் பல கடல் உயிரினங்களைச் சேர்த்தது. திட்டு அமைக்கும் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் கடற்குதிரை, கடலட்டை ஆகியவையும் அதில் இடம்பெற்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இவற்றுக்கும் கிடைத்தது. கடலட்டையை நம்பியிருந்த பாக் நீரிணைக் கரை மீனவர் குடும்பங்களுக்கு இது வருமான இழப்பாகவும் அமைந்தது. அந்த முரண்பாடு இன்னும் முற்றிலும் தீரவில்லை.

மீன்தொட்டி வைத்திருப்போருக்கு இதன் பொருள் தெளிவானது. இந்தியக் கடலிலிருந்து எடுத்த பவளத்தையோ பவளக்கல்லையோ வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். உயிருள்ளதா, உலர்ந்ததா என்ற வேறுபாடு இதில் இல்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டப்படும் வண்ணப் பவளத்தொட்டியை அப்படியே இங்கே அமைக்க முயல்பவர்கள் அறியாமலேயே சட்டமீறலில் சிக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து வரும் பவளங்களும் பன்னாட்டு வணிக ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எனவே இந்தியத் தொடக்கநிலையாளருக்குப் பொருத்தமான தொட்டி, பவளம் இல்லாத, மீனும் பாறையும் கொண்ட கடல்தொட்டியே ஆகும்.

குஞ்சு பொரிப்பகத்தின் வருகை

'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் 2003இல் வெளிவந்தபின் கோமாளி மீன் உலகெங்கும் குழந்தைகளுக்கும் தெரிந்த மீனாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் அம்மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முயற்சிகள் பலனளித்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இதில் முன்னின்றன.

கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே இருக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் இரு இளமீன்களை ஒன்றாக வளர்த்தாலே காலப்போக்கில் இணை அமைந்துவிடும். பெண் பாறையில் முட்டைகளை ஒட்ட வைக்கிறது. ஆண் அவற்றைத் துடுப்பால் விசிறிக் காக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை பொரிகிறது. முதல் நாட்களில் குஞ்சுகளுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியை உணவாகத் தர வேண்டும். அந்த நுண்ணுயிரிக்கு உணவாக நுண்பாசியையும் வளர்க்க வேண்டும். இந்த உணவுச் சங்கிலியை அறுபடாமல் நடத்துவதுதான் பொரிப்பகத் தொழிலின் கடினமான பகுதி.

பொரிப்பக மீனுக்குக் கடற்சாமந்தி இல்லாமலும் வாழத் தெரியும். தொட்டியில் பிறந்ததால் உலர் உணவையும் தயங்காமல் தின்னும். நீண்ட பயண அதிர்ச்சியும் காட்டு மீனுக்குரிய ஒட்டுண்ணிகளும் அதற்குக் குறைவு. தொடக்கநிலையாளரின் தொட்டியில் பிழைக்கும் வாய்ப்பும், கடலுக்கு இழப்பின்மையும் ஒரே மீனில் அமைந்தது இவ்வரலாற்றில் முக்கியமான மாற்றம்.

கடலில்லா ஊரில் ஒரு சிறு தொட்டி

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற பேரூராட்சி. இம்மாவட்டத்து மலைகளில் பிறக்கும் வைகை, மதுரையையும் ராமநாதபுரத்தையும் கடந்து பாக் நீரிணைக் கரையில் மண்டபம் பகுதியை அடுத்துக் கடலை நோக்கிச் செல்கிறது. ஆற்று வழியில் அந்தக் கடலுடன் தொடர்பு இருந்தாலும், மெரினாக் காட்சியகத்துக்கு இருந்த வசதி இங்கே இல்லை. தண்ணீர் கெட்டால் மாற்றக் கடல் அருகில் இல்லை. எனவே இத்தகைய ஊரில் தொடங்குபவர் தண்ணீரைக் கெடாமல் காப்பதையே முதல் பாடமாகக் கொள்ள வேண்டும்.

தொட்டியும் கருவிகளும்: சிறிய தொட்டி எளிது என்பது தவறான எண்ணம். தண்ணீர் குறைந்தால் வெப்பமும் உப்பும் கழிவும் விரைவாக மாறும். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 96 லிட்டர் கொள்ளும். தொடங்குவதற்கு இது ஏற்ற அளவு. நீரோட்டத்துக்கு ஒரு சிறு நீரியக்கி, வடிகட்டி, வெப்பமானி, உப்பளவு காட்டும் கருவி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றுக்கான சோதனைப் பொருள்கள் ஆகியவை தேவை. பவளம் இல்லாத தொட்டிக்குச் சாதாரண எல்இடி விளக்கே போதும்.

தண்ணீர்: ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கடினத்தன்மை மிகுந்திருக்கலாம். வேளாண் பகுதிகளில் உர நைட்ரேட்டும் கலந்திருக்கலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆகவே ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீரையே பயன்படுத்த வேண்டும்.

உப்பு: கடையில் கிடைக்கும் கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் கால்சியம் உப்புகள் படிகின்றன. பிறகு சோடியம் குளோரைடு படிகமாகிறது. அதுதான் கல்லுப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரில் நின்றுவிடுகின்றன. எனவே தூத்துக்குடி உப்பளத்து உப்பு கடலிலிருந்தே வந்தாலும் அதைக் கொண்டு மீண்டும் கடலைச் செய்ய முடியாது. காஸ் 1854இலேயே பல உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்ததற்கும் இதுவே காரணம். மீன்தொட்டிக்கெனத் தயாரிக்கப்பட்ட உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், 96 லிட்டருக்கு ஏறத்தாழ 3.4 கிலோ அளவில், தனி வாளியில் கரைத்து ஒரு நாள் முழுதும் நீரியக்கியால் சுழலவிட வேண்டும். ஒப்படர்த்தி 1.025 அளவில் இருப்பது நல்லது.

பாறையும் மணலும்: பவளக்கல்லுக்குப் பதிலாக, மீன்தொட்டிக்கென விற்கப்படும் துளைகள் மிகுந்த சுட்டமண் பாறையோ நிலத்தில் வெட்டிய துளைச் சுண்ணாம்புக்கல்லோ பயன்படும். உயிர்ப்பாறை செய்யும் வேலையை இவையும் காலப்போக்கில் செய்யும். மீன்கள் ஒளிந்துகொள்ளக் குகை போன்ற இடைவெளிகள் விட்டு, சரியாதபடி அடுக்க வேண்டும்.

காத்திருப்பு: தண்ணீரும் பாறையும் இட்ட உடனே மீன் விடக்கூடாது. சிறிதளவு மீன் உணவையோ அம்மோனியா கரைசலையோ இட்டுப் பாக்டீரியா பெருகவிட வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியமாகி நைட்ரேட் மட்டும் தென்படும்போது தொட்டி தயார். இதற்கு வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நச்சு கூடுவதால், இந்த வாரங்களைக் குறைக்க முயல்வது மீனைக் கொல்வதற்குச் சமம். புதியவர்களின் தொட்டிகளில் முதல் மாதத்தில் நிகழும் இறப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகிறது.

மீன்கள்: 96 லிட்டர்த் தொட்டிக்குப் பொரிப்பகக் கோமாளி மீன் இணை ஒன்றும் சில நத்தைகளும் போதும். சில வாரங்கள் கழித்து ஒரு சிறு இறாலைச் சேர்க்கலாம். புது மீனை விடுமுன் அதன் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்துப் பழக்க வேண்டும். வாங்கும்போது அது பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டறிவது வாங்குபவரின் பொறுப்பு.

பராமரிப்பு: தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே நாள்தோறும் குறையும் அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரையே ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை சுமார் 10 விழுக்காடு தண்ணீரை எடுத்துவிட்டு அதே வெப்பமும் உப்பும் கொண்ட புதிய கடல்நீரை ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவுக்கே உணவிட வேண்டும்.

வெப்பம்: கடல்தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. கோடையில் பள்ளத்தாக்கின் சமவெளி ஊர்களில் ஹீட்டரைவிடக் குளிர்விப்பே தேவைப்படும். நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறி வைத்தால் சில டிகிரி குறையும். ஆவியாதல் கூடும் என்பதால் நன்னீர் ஊற்றுவதும் கூடும். மின்சாரம் நின்றால் நீரோட்டமும் உயிர்வளியும் நிற்கும். மின்கலத்தில் இயங்கும் காற்றியக்கி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது பாதுகாப்பு.

செம்பு: திராட்சைப் பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொடியில் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கத் தெளிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மயில்துத்தம் செம்பு உப்பு. மிகக் குறைந்த அளவுச் செம்பும் இறால், நத்தை, பவள உயிரி போன்ற முதுகெலும்பற்றவற்றைக் கொல்லும். மருந்து கரைத்த வாளியையோ குடத்தையோ தொட்டி வேலைக்கு எடுக்கக் கூடாது. தோட்ட வேலை முடிந்து வந்த கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விடவும் கூடாது.

மதிப்பீடு

மெரினாக் காட்சியகம் கடலருகே இருந்ததால் கடலை நம்பி இயங்கியது. லீ சின் எங்கின் தொட்டி கடற்பாறையை நம்பி இயங்கியது. இன்றைய உள்நாட்டுத் தொட்டி கலந்த உப்பையும் சுட்டமண் பாறையையும் பொரிப்பக மீனையும் நம்பி இயங்க முடியும். கடலிலிருந்து எதையும் எடுக்காமல் கடல் உயிரை அருகில் வைத்துப் பார்க்கும் வழி, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தவறுகளுக்குப் பின் கிடைத்தது.

காஸின் காலத்தில் கடற்கரைக் குட்டைகள் வெறுமையானபோது அதைத் தடுக்கச் சட்டமும் இல்லை, மாற்று வழியும் இல்லை. தமிழகத்தில் இன்று இரண்டும் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் சட்டகங்களில் கட்டித் திட்டுகளை மீட்கும் பணியைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் செய்து வருகின்றனர். கையால் நட்ட ஒரு துண்டு பவளம் தலையளவு வளர்வதற்கே பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுத் தொட்டியில் ஒரு வாரம் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து குறித்துவைக்கும் மாணவருக்கு, கடல்நீர் இரண்டு டிகிரி சூடேறினால் அந்தத் திட்டுக்கு என்ன நேரும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியிராது.